தேங்காய் எண்ணெய் போட்ட பூட்ஸ்

என் கையெழுத்து கோணல், பிழைகளும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோலா கெத்தில் ஊருக்குப் போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். அவர் புதுக் காவலாளி உடுப்பில் இருந்தார்.

“பூட்ஸுக்குத் தேங்காய் எண்ணெயா போட்ட?”

“பாலிஷ் தீர்ந்துபோச்சுங்க. தலைக்குப் போட்டா மின்னுதே!”

“இப்பப் பாரு, செம்மண் பூரா ஒட்டிக்கிச்சு. மொத நாளு, ஆபிசர் பூட்ஸப் பாத்துட்டுத்தான் உள்ள விடுவாரு. வேல போச்சுலா.”

மனைவி குனிந்து துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தார். ஒரு கால் முடிந்து மறு காலைத் தொடுவதற்குள் அவர் வேலைக்குச் சேரும் தொழிற்சாலையின் வாசல் வந்துவிட்டது.

“விடு. தொடச்ச கால முன்னால வெச்சு நிக்கிறேன்.”

“நேரா நிக்கச் சொன்னா?”

அவர் துடைத்த காலை முன்னால் வைத்து இறங்கினார்.

ஒருவழியாக இதை எழுதி முடித்தது, தைப்பூசத்துக்கு முந்தின நாள்.