இன்னொரு தடவை காதைப் பாருங்க

இல்ல டாக்டர், வலியெல்லாம் இல்ல. இன்னொரு தடவை பாருங்கன்னுதான் சொல்றேன். இடது காதை விட்டுட்டீங்களோன்னு... ரெண்டும் பாத்தாச்சா? சரி சரி, கோவிச்சுக்காதீங்க.

வேலையா? கேக்குறதுதான் வேலை. போலீஸ் ஒட்டுக்கேக்குற போன் பேச்சையெல்லாம் கேட்டு, நம்ம பாஷையில இருந்து அவங்க பாஷைக்கு மாத்தி எழுதணும். நாள் பூரா ஹெட்போன்தான். அட, சினிமா மாதிரியெல்லாம் நெனைக்காதீங்க. ஆளுங்கள நாடு விட்டு நாடு கடத்துற கும்பல் பேசுறதுல முக்காவாசி வீட்டுக் கதைதான். பொண்டாட்டி கூட சண்டை, முதுகு வலி, புள்ளைக்குப் பல்லு மொளைச்சது. நடுவுல ஒருத்தன் கொட்டாவி விட்டுக்கிட்டே, சரக்கு ஏத்தியாச்சுங்கறான். சரக்குன்னா மனுஷங்க டாக்டர். மீன் லாரிக்குள்ள.

ஏத்துறவனுக்கு எறக்குறவன் யாருன்னே தெரியாது. ஒருத்தன் மாட்டினா அந்த எடத்துக்கு வேறொருத்தன். பேரு மாத்துவாங்க, நம்பர் மாத்துவாங்க, குரலை மாத்த முடியுமா? அதை வச்சுத்தான் நான் பிடிச்சுக் குடுப்பேன். கெட்டிக்காரியா? போங்க டாக்டர், அலுத்துப் போச்சு.

போன மாசம் ஒரு லாரியைத் தொறந்தாங்க. உள்ள ஒருத்தருமே எந்திரிக்கல. கொழந்தைங்க கூட. அதுக்கு முந்தி டிரைவர் போன் போட்டிருக்கான். உள்ள காத்து வரல போல, தட்டுறாங்க, என்ன செய்யன்னு. தட்டட்டும், நீ ஓட்டுன்னு ஒரு குரல். புதுக் குரல்னாங்க ஆபீஸ்ல.

யாருன்னு சொல்லி, கையெழுத்தும் போட்டுட்டேன். எதிர் வக்கீல் விடுவாரா? இந்தம்மாவுக்குக் காது கேக்குதான்னு மொதல்ல கேப்பாரு. அதுக்குத்தான் இந்த சர்டிபிகேட். வீட்லயும் அதே பாட்டுதான். எங்கம்மா சாப்பிடவே மாட்டேங்கறாங்க. காது மந்தம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா உனக்கு என்னடி கொறஞ்சு போகுதுங்கறாங்க.

நெசமாவே கொஞ்சம் மந்தமா இருந்துடாதான்னுதான் டாக்டர் வந்தேன். துளிகூட இல்லையா?

அப்ப நல்லா இருக்குன்னே எழுதிடுங்க. அந்தக் குரல் என் தம்பிதான். ரொம்ப நாள் பேச்சே வராம இருந்த புள்ள. மொதமொதல்ல வாயத் தொறந்து சொன்னதே அக்கான்னுதான்.