பாய்யானுக்கு ஒரு டிக்கெட்

— நிறுத்தத்தை எடுக்கணும்னு நான் தனியா முடிவு பண்ணலக்கா, விஷயம் என்னன்னா, கணக்கு...

— கணக்கைத் தூக்கி உன் டீ பாட்டில்ல போடு! பத்து வருஷமா இந்த ஹெய்தாங் ஸ்டேஷனுக்கு நான் மாஸ்டர். சாயங்கால வண்டி இனிமே இங்க நிக்காதுன்னு எழுதி, என்கிட்டயே கையெழுத்து கேக்கற!

— லோங் அக்கா, கொஞ்சம் பேச விடுங்க...

— பேசு, ஃபான் இன்ஜினியர். குய்யாங் தலைமை ஆபீஸ்ல கம்ப்யூட்டர்கிட்ட பேசற மாதிரியே பேசு.

— முன்னூறு கிலோமீட்டர் வேகத்துல ஓடற வண்டி. ஒரு இடத்துல நின்னு கிளம்பினா ஆறு நிமிஷம் போகுது. உள்ள இருக்கற ஆயிரம் பேருக்கும் போகுது. யாரை எந்த வண்டியில ஏத்தறது, எந்த ஊர்ல நிறுத்தறதுன்னு பிரிச்சுப் போடறதுதான் என் வேலை. இந்த வண்டியில ஹெய்தாங்குக்கு டிக்கெட் எடுக்கறது ஒரு நாளைக்கு நாலே பேர்.

— நாலா? இப்ப இறங்கினது அறுபத்தோரு பேர். உன்னையும் சேத்து! நின்னு எண்ணினேன்...

— உங்க எண்ணிக்கையை வச்சு நான் மேலிடத்துல...

— வாயை மூடிக் கேளு! கேட்ல உன்னை இடிச்சுட்டு ஓடினாளே ஒருத்தி, அவ என் தங்கச்சி மெய்ஃபெங். ஆஸ்பத்திரில நர்ஸ். வீட்ல ஏழு மாசக் குழந்தை, புட்டிப்பாலை வாயிலயே வைக்காது. இறங்கறப்பவே பால் கசிஞ்சு சட்டை நனைஞ்சு போயிருக்கும் பாரேன். அடுத்த வண்டி ஒன்பதரைக்கு. அதுவரைக்கும் புள்ளை என்ன, உன் கணக்கைக் குடிக்குமா?

— அடுத்த ஸ்டேஷன் பாய்யான்ல இறங்கி பஸ் பிடிக்கலாமே. அங்க தினமும் அறுபது டிக்கெட் கிட்ட போகுது. நல்ல கூட்டம்.

— பாய்யான்ல கூட்டமா! அங்க இறங்கறது ஒரு வாத்தியாரும் அவர் குடையும்தான். மத்தவங்க எல்லாம் எங்க ஜனங்கய்யா!

— அவங்க எதுக்கு பாய்யானுக்கு டிக்கெட் எடுக்கறாங்க?

— எங்க ஊருக்கு நீ ஒதுக்கினது நாலே சீட்டு. நாலு கொடுத்தா நாலு பேர்தான் எடுப்பான்! மத்தவங்க ஒரு ஊர் தள்ளி எடுத்துட்டு இங்கயே இறங்கிடறாங்க.

— அப்படி எடுங்கன்னு யார் சொல்லிக்கொடுத்தது?

— அதை எதுக்குக் கேக்கற?

— சொல்லுங்கக்கா.

— நான்தான். திரும்பி வர சீட்டு இல்லன்னு இங்க டிக்கெட் ஜன்னல்ல நின்னு அழுதாங்க. சொன்னேன்.

— பாத்தீங்களா! உங்க ஸ்டேஷனை நீங்களே அழிச்சுட்டு என்மேல பாயறீங்க.

— ஆமாடா, நான்தான் அழிச்சேன்! வெளிய போறப்ப கேட் மெஷின்ல எல்லாரும் அடையாள அட்டையைக் காட்டிட்டுத்தானே போறாங்க? அந்தக் கணக்கு எங்க போச்சு?

— அது வேற பிரிவு. எனக்கு வித்த டிக்கெட் மட்டும்தான் வரும்.

— வேற கட்டடமா?

— எதிர் ரூம்.

— எதிர் ரூம்! கதவைத் தட்ட உனக்கு விரல் இல்ல?

— திட்டுங்க. டிக்கெட்ல எந்த ஊர் இருக்கோ, ஆள் அங்கதான் போனாரு. எங்களுக்கு அவ்வளவுதான். யாருக்காகவும் மாத்த முடியாது. கையெழுத்தைப் போடுங்க.

— போடறேன். பேனாவைக் குடு. ஆமா, நீ வந்த டிக்கெட்டைக் காட்டு.

— அது எதுக்கு இப்ப?

— போனை எடு. காட்டு.

— அக்கா, நேத்து ராத்திரிதான் போகச் சொன்னாங்க, ஹெய்தாங்குக்கு சீட்டே இல்லன்னு வந்துது, அதனால...

— ஊர் பேரைப் படி. சத்தமா.

— ...பாய்யான்.

— அப்ப யாருப்பா என்கிட்ட கையெழுத்து கேக்கறது? உன் கணக்குப்படி நீ இங்க இறங்கவே இல்லையே!