பங்களாவில் வைத்த கடல்

மீன் தொட்டி ஒழுகினால் எல்லாரும் கண்ணாடியைத்தான் குறை சொல்வார்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கண்ணாடி என்ன செய்யும்? உப்புத் தண்ணீர் இரும்புச் சட்டத்தைத் தின்றுவிடும். சட்டம் நெளிந்தால், கண்ணாடி ஒட்டி நிற்க ஓரத்தில் அப்பிய பட்டிப் பசை விண்டுபோகும். பிறகு ஒழுகாமல் என்ன செய்யும்? நீங்கள் தொட்டியைப் பற்றிக் கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் அதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது.

என் பெயர் காப்ரியல். புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே இருக்கும் தோட்டத்தில் துரை பங்களாவைப் பார்த்துக்கொள்கிறவன். லோரி ஓட்டிய உடையப்பன் கேட்டில் சுடப்பட்டுச் செத்தானே, அந்த விஷயமாகத்தான் வந்திருக்கிறேன். அவன் மச்சான் சோமுவை நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி அனுப்பினான் என்று வழக்கு. ஆயுள் முழுக்கச் சிறை என்கிறார்கள், தூக்கு என்றும் சொல்கிறார்கள். அவன் ஒன்றும் செய்யவில்லை. இதைப் பாதிரியாரிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். பாதிரியாரால் சோமுவை வெளியே விட முடியாதே.

எங்கள் துரைக்குக் கடல் மீன் பைத்தியம். பங்களா ஹாலில் ஓர் ஆள் நீளத்துக்குத் தொட்டி. அதில் போர்ட்டிக்சன் கடலிலிருந்து கொண்டுவந்த உயிருள்ள பவளக் கற்கள், பூப்போல விரிந்து சுருங்கும் கடல் சாமந்தி, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். துரைக்கு ஆசை இருந்ததே தவிர பொறுமை கிடையாது. பார்த்துக்கொண்டதெல்லாம் நான்தான். எனக்குப் பெண்டாட்டி பிள்ளை இல்லை. சாயங்காலம் துடைக்கிற துணியோடு அதன் முன்னால் நின்றால் எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்காது.

போன மழையில் தொட்டி ஒழுகி, ஹால் பலகையெல்லாம் ஊறிப்போனது. "தூக்கி வெளியே போடு" என்றார் துரை. நான் கெஞ்சிக் கூத்தாடித்தான் புதிதாகக் கட்டச் சம்மதம் வாங்கினேன். மீன்களையும் கற்களையும் பழைய தண்ணீரோடு துரையின் குளியல் தொட்டிக்கு மாற்றினேன். புதுத் தொட்டி முடியும்வரைக்கும் துரை வாளித் தண்ணீரில் குளித்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. புதுச் சட்டம் அடித்து, அது துருப்பிடிக்காமல் இருக்க மேலுக்கு மேல் பெயின்ட் பூசி, கண்ணாடி இறக்கி, பட்டி அப்பி, நல்ல தண்ணீரை நிரப்பி நிரப்பிக் கொட்டினேன், வாடை போகும்வரை. பழைய மணல் அடியில் கறுத்து நாறிக் கிடந்தது. அதைக் கலக்கினால் அத்தனை உயிரும் போய்விடும். மெதுவாக அள்ளிக்கொண்டுபோய் ரப்பர் மரத்தடியில் கொட்டினேன். கை ரொம்ப நாள் நாறியது.

புதுத் தொட்டிக்குக் கடல் தண்ணீரும் புதிதாக வேண்டும். கோல சிலாங்கூர் ஆற்று முகத்தில் மொண்டால் சேறும் ஆற்றுத் தண்ணீரும் கலந்து வரும். கடல் ஏறி நிற்கும் நேரமாகப் பார்த்துச் சம்பான் படகில் வெளியே போய் மொள்ள வேண்டும். அந்த இடமும் நேரமும் உடையப்பனுக்கும் சோமுவுக்கும் அத்துப்படி. ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட், பெரிய கண்ணாடி ஜாடிகளில் வரும். உடையாமல் இருக்க ஒவ்வொரு ஜாடியையும் வைக்கோல் திணித்த கூடைக்குள் இறக்கியிருப்பார்கள். காலி ஜாடிகளை நான் கழுவிக் கொடுப்பேன், அவர்கள் லோரியில் ஏற்றிப்போய்க் கடல் தண்ணீர் நிரப்பி வருவார்கள். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, பால் மரம் வெட்டப் போகிறவர்களின் சாப்பாட்டுத் தூக்கைக்கூடத் திறந்து பார்க்கிற இந்தக் காலத்திலும், துரையின் ஜாடிகளைக் கேட்டில் யாரும் தொட்டதில்லை.

தொட்டி தயாரானதும் மீன்களை விட்டேன். போய்க் கல் பொந்துக்குள் ஒளிந்துகொண்டன. நான் நின்றால் தலைகாட்டவில்லை. புது இடம், பழகட்டும் என்று இருந்தேன். அடுத்த முறை தண்ணீர் இறக்க வந்த உடையப்பன் கண்ணாடியை விரலால் தட்டி, "வாங்க மாப்ளே, வாங்க" என்றான். அத்தனையும் ஓடி வந்தன. குளியல் தொட்டியில் கிடந்தபோதே எனக்குத் தெரியாமல் இறால் துண்டு போட்டுப் பழக்கியிருக்கிறான்.

"எறால் அழுகுனா தண்ணி கெட்டுப்போயிரும் உடையப்பா. போடாத" என்றேன்.

அவன் சிரித்தான். "அண்ணே, நீங்க இத மாதா கோயில் மாதிரி வச்சிருக்கீங்க. அதுங்களுக்குப் பசிக்குதுலா."

அவன் நிறுத்தவில்லை. தண்ணீர் கலங்கியது. ஒரு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. துரையிடம் சொன்னேன். துரையோ விருந்தாளிகளைக் கூப்பிட்டு, உடையப்பனைக் கண்ணாடியைத் தட்டச் சொல்லி வேடிக்கை காட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் கிளாஸ் வைத்த தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தேன். அதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை ஐயா. தண்ணீர்தான் என் கவலை.

அதற்கடுத்த முறை ஜாடி கழுவிக் கொடுத்தபோது, பங்களா அரிசியில் கொஞ்சம் துணியில் முடிந்து, ஒரு கூடையின் வைக்கோலுக்குள் செருகி வைத்தேன். முன்னதாகவே கேட்டுக்குப் போய், காவலுக்கு நின்ற ஸ்பெஷல் கான்ஸ்டபிளிடம், "ஜாடிக் கூடையயும் ஒரு தடவ பாத்துக்குங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். உடையப்பனை லோரி வேலையிலிருந்து நீக்கிவிடுவார்கள், தண்ணீர் தெளிந்துவிடும், அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

இல்லை, அப்படிச் சொல்வது சரியல்ல. பக்கத்துத் தோட்டத்தில் அரிசியோடு பிடிபட்டவன் திரும்பி வரவில்லை என்பது எனக்குத் தெரியும். உடையப்பனுக்கும் தெரியும். அதனால்தான் கேட்டில் கான்ஸ்டபிள் அரிசி முடிச்சை வெளியே எடுத்ததும் அவன் ஓடினான்.

துப்பாக்கிச் சத்தம் பங்களாவரை கேட்டது. மீன்கள் சட்டென்று கல்லுக்குள் போய்விட்டன. அவை மறுபடி வெளியே வரும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் கேட்டுக்குப் போனேன். கால்வாய் ஓரத்தில் அவனைச் சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். சோமுவைக் கை கட்டி லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜாடிகள் ஒன்றுகூட உடையவில்லை.

அதற்குப் பிறகுதான் இந்தத் தொந்தரவு. லோரி வருகிற நேரமானால் மீன்களெல்லாம் ஒரு மூலைக்கு வந்து நிற்கின்றன. என்னைப் பார்ப்பதில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்க்கின்றன. திரும்பினால் ஹால் காலியாக இருக்கும். சமையல்கட்டில் இருக்கும்போது கண்ணாடியை விரலால் தட்டும் சத்தம் கேட்கும். புதுப் பட்டி இறுகும்போது அப்படித்தான் சத்தம் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பட்டி எப்போதோ இறுகிவிட்டது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா, மறைக்கவில்லை. ஒரு மத்தியானம் யாரும் இல்லாதபோது நானே தட்டி, "வாங்க மாப்ளே" என்றேன். வந்தன. என் வாயிலிருந்து வந்தது அவன் குரல். அன்றிலிருந்து நான் கண்ணாடியைத் தொடுவதில்லை. சத்தம் மட்டும் நிற்கவில்லை.

உடையப்பன் பெண்டாட்டி கங்கா வந்தாள். சோமு அவளுக்குக் கூடப்பிறந்த தம்பி. பின்வாசல் படியில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, புருசன்தான் போயிட்டாரு. தம்பியாச்சும் மிஞ்சட்டும். தொரைகிட்ட ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே" என்று அழுதாள்.

சொல்கிறேன் என்றேன். டீ கொடுத்தேன். கிளம்பும்போது கதவு வழியாகத் தொட்டியை எட்டிப் பார்த்தாள். மீன்கள் மூலையில் நின்றிருந்தன.

"இதுங்களுக்குத் தெரியுமாண்ணே, அவரு இனிமே வரமாட்டாருன்னு?"

நான் டீ கிளாஸை எடுத்துப்போய்க் கழுவினேன். துரையிடம் சோமுவைப் பற்றிப் பேசவில்லை. அவள் அழுகைக்காக வருவதென்றால் அன்றைக்கே உங்களிடம் வந்திருப்பேன். நல்லவன் வேடம் போட எனக்கு வராது.

இப்போது புது டிரைவர் வருகிறான். எத்தனை சொன்னாலும் ஆற்று முகத்திலேயே மொண்டு வருகிறான். நாக்கில் வைத்தாலே தெரிகிறது, உப்பு பாதிகூட இல்லை. கற்கள் வெளுக்கின்றன. கடல் சாமந்தி சுருங்கி ஒட்டிக்கொண்டுவிட்டது. மீன்கள் மூச்சு வாங்குகின்றன. சரியான இடம் தெரிந்தவன் இனி ஒருவன்தான், அவனை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

எழுதிக்கொள்ளுங்கள். அரிசியை வைத்தது நான். காவல்காரரிடம் சொன்னது நான். உடையப்பனைக் கொன்றது நான் என்று எழுதினாலும் கையெழுத்துப் போடுகிறேன். சோமுவை இன்றைக்கே விட்டுவிடுங்கள். நாளைக் காலையில் கடல் ஏறி நிற்கும்போது அவன் சம்பானில் இருக்க வேண்டும். இனிமேல் தொட்டியையும் அவனே பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றை மட்டும் அவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள், ஐயா. தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினால் போதும். மீன்கள்மேல் பிரியம் வைக்க வேண்டாம்.