வலன்ரைனின் பெரிய என்ஜின்

தேநீரை ஆறவிடாமல் குடியுங்கள், ஐயா. பள்ளிமுனையில் இந்த நேரத்துக்குக் காற்று எழும்பினால் கோப்பையில் பாதி மணல்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டது ஒரு கடிதம். வலன்ரைனின் காரில் நான் செய்த வேலையில் பிழை இல்லை என்று கையெழுத்தோடு ஒரு துண்டு. தந்துவிடலாம். வேலையில் பிழையே இல்லை. உங்கள் பொலிஸ் நிலைய முற்றத்தில் கிடக்கிற அந்த என்ஜினை இப்போது கழற்றி அளந்தாலும் ஒரு நூல் பிசகு காணமாட்டீர்கள். ஆனால் என்ஜினைப் பற்றி மட்டும் எழுதித் தந்தால் அது அரைகுறை வேலையாகிவிடும். அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது. ஆகவே வாயால் சொல்கிறேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

நானும் மனைவி மாக்கிறட்டும் இந்தியாவில் இருந்து திரும்பி வந்து இரண்டு வருடம். அங்கே இருபது வருடம் இராமநாதபுரத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்தேன். அகதி முகாமில் நான் நிலைகொண்டு இருந்ததில்லை. பின்னேரமானால் சனம் கூடி, யார் எப்படிக் கடல் கடந்தார்கள் என்று கதைக்கத் தொடங்கும். நான் எழும்பிப் பட்டறைக்குப் போய்விடுவேன், அங்கேயே படுத்தும் விடுவேன். மாக்கிறட்டோடும் அந்தக் கதை கிடையாது. இருபத்திரண்டு வருடமாக நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை.

வலன்ரைனை உங்களுக்குத் தெரியும். வீதி வேலைக்குக் கல்லும் மணலும் ஏற்றுகிற மனிதர், நாற்பது வயது கடந்தவர். சண்டை முடிந்து, வழவழவென்று தார் போட்ட காப்பெட் வீதி வந்த பிறகு அவருக்கு ஒரு ஆசை பிடித்தது. கொழும்பில் இருந்து இரண்டே இருக்கை உள்ள பழைய ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் என்ஜின் ஆயிரத்து எண்ணூறு சிசி. அவருக்கு இரண்டாயிரத்துக்கு மேல் வேண்டும். அதே நேரம் சந்தைக்கும் கோயிலுக்கும் போய்வரவும் வேண்டும் என்றார். நான் முடியாது என்றேன். விசர் வேலை, பேசாமல் பெரிய காராக வாங்குங்கள் என்றும் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஒருதரம் ஓடிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சாவியை நீட்டினார்.

நறுவிலிக்குளம் வரை ஓடினோம். பெற்றோல் முள் பொய் சொன்னது. நட்ட நடு வெயிலில் கார் நின்றுவிட்டது. பெற்றோல் விற்கிற கடைக்கு இரண்டு கிலோமீற்றர் நடக்க வேண்டும். நான் முகத்தைச் சுளித்திருக்க வேண்டும். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“இன்னும் கொஞ்சத் தூரம்தான் பிலிப் அண்ணை. இடுப்பளவு தண்ணிதான். நடந்தாக் கரை.”

அந்த வீதியில் தண்ணீரே இல்லை, ஐயா.

தொண்ணூறாம் ஆண்டு இந்தியாவுக்கு என்று எங்களை ஏற்றிய வள்ளக்காரன் இந்த வசனத்தைத்தான் சொன்னான். இருட்டு. நான் வள்ளத்தின் முன்பக்கம் மகள் ஜெனிஸ்ராவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். மாக்கிறட் பின்னால், அவனுக்குப் பக்கத்தில். முகத்தை நான் பார்க்கவில்லை, குரலைத்தான் கேட்டேன். இறங்கினோம். நடந்தோம். கரை வந்தது. விடிந்த பிறகுதான் அது இந்தியா இல்லை, நடுக்கடலில் ஒரு மணல் திட்டு என்று தெரிந்தது. எங்கள் ஆட்கள் தீடை என்பார்கள். மரம் இல்லை, நிழல் இல்லை. எங்களிடம் ஒரு போத்தல் தண்ணீர் இருந்தது. மூன்றாம் நாள் மீன்பிடிக்க வந்தவர்கள் எங்களைக் கண்டார்கள். ஜெனிஸ்ராவுக்கு ஐந்து வயது. அவளை இரண்டாம் நாள் பின்னேரமே அந்த மணலுக்குள் வைத்துவிட்டோம்.

பெற்றோலோடு திரும்பி வரும்போது வலன்ரைனிடம் சாதாரணமாகக் கேட்டேன், அந்தக் காலம் வள்ளம் ஓடினீர்களோ என்று. இளவயதில் ஓடினதுதான் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை வேலைக்குச் சம்மதித்தேன்.

இரண்டு மாதம் எடுத்தது. என்ஜின் தலையை இறுக்கிப் பூட்டும்போது சிலிண்டர்கள் மயிரிழை நெளியும். பலர் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. நான் தலைக்குப் பதிலாகத் தடித்த இரும்புத் தட்டு ஒன்றைப் பூட்டி, நெளிய வைத்த பிறகுதான் கடைவேன். பிறகு தலை பூட்டினாலும் வட்டம் வட்டமாகவே இருக்கும். சிலிண்டரை இரண்டரை மில்லிமீற்றர் பெருப்பித்தேன். கிராங்கை மாற்றி பிஸ்டனின் ஓட்டத்தையும் கூட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அவருடைய மகள் சுவேதினி பள்ளி விட்டதும் பட்டறைக்கு வருவாள். ஒன்பது வயது, ஓயாத வாய். வந்ததும் முதலில், “மாமா, தண்ணி தாங்கோ” என்பாள். பானையில் இருந்து வார்த்துக் கொடுப்பேன். மடமடவென்று குடித்துவிட்டு மிச்சத்தை நிலத்தில் ஊற்றுவாள். அந்த ஈரம் காயும் வரை நான் நிலத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஜெனிஸ்ராவும் அதே சொல்லைத்தான் இரண்டு நாளும் சொன்னாள். நான் சுவேதினியை ஒரு நாளும் ஏசியதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

என்ஜினைப் பெருப்பித்தால் பிரேக்கையும் பெருப்பிக்க வேண்டும். இது தொழில் பழகுகிறவனுக்கும் தெரியும். வலன்ரைனுக்கும் சந்தேகம் இருந்தது. ஒருநாள் சக்கரத்தடியில் குந்தியிருந்து கேட்டார்.

“பிரேக் போதுமோ அண்ணை?”

“போதும் தம்பி.”

நான் அவருக்குச் சொன்ன பொய் அது ஒன்றுதான். மற்றபடி அவர் பக்கத்தில் கவனமாகவே இருந்தேன். அவருடைய இருக்கைப் பெல்ட் பழசு, அதைக் கழற்றிவிட்டுப் புதிதாகப் போட்டேன். கூடப் போகிறவர் இருக்கிற இடது பக்கத்துப் பெல்ட்டும் பழசு. அதன் பூட்டு மெதுவாக இழுத்தால் பிடிக்கும், வெட்டி இழுத்தால் விட்டுவிடும். இரண்டு மூன்று தரம் கையால் இழுத்துப் பார்த்தேன். அதைத் தொடவில்லை. அவருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று நினைத்தேன். அவர் இருக்க வேண்டும். நான் இருக்கிறேன் அல்லவா, அதுபோல.

புது என்ஜினை ஆயிரம் கிலோமீற்றர் பதமாக ஓட்ட வேண்டும். இலுப்பைக்கடவைக்குப் போய் வாருங்கள், மிதிக்க வேண்டாம் என்றேன். அவர் சொன்னபடி கேட்டார். நான் எண்ணெய் மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகும் மடு மாதா கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவாமியாரைக் கொண்டு மந்திரிக்காமல் வேகமாக ஓடமாட்டேன் என்றார். அவர்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வள்ளமோ வாகனமோ, மந்திரிக்கும் நாளில் வீட்டின் கடைசிப் பிள்ளையை முன்னுக்கு இருத்துவார்கள். இரண்டு இருக்கை என்பதால் தாய் பிரான்சிஸ்கா பஸ்ஸில் போவதாக இருந்தது. இதெல்லாம் எனக்கு ஒரு கிழமைக்கு முன்பே தெரியும். சுவேதினிதான் வந்து சொன்னாள், புதுச் சட்டையின் நிறத்தையும் சேர்த்து.

காலையில் மந்திரித்தார்கள். திரும்பும்போது தள்ளாடிச் சந்தியைக் கடந்ததும் கடலுக்கு நடுவே நேர் வீதி, எவருக்கும் மிதிக்கத் தோன்றும். அந்த வீதியில் கழுதைகள் நிற்பதும் ஊருக்கெல்லாம் தெரியும். மிச்சம் உங்கள் அறிக்கையில் இருக்கிறது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. பிள்ளை கண்ணாடிக்கு வெளியே, அணைக்கல்லில் கிடந்தாள்.

செத்தவீட்டுக்கு நானும் போனேன். வலன்ரைன் ஒரு கையைக் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். என்னைக் கண்டதும் மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, உங்கள் வேலையில் பிழையில்லை அண்ணை, நான்தான் மிதித்தேன் என்று அழுதார். அந்த நிமிடம் எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து மாக்கிறட் அழுதுகொண்டே இருந்தாள். வலன்ரைனுக்கு எத்தனையைத்தான் கடவுள் கொடுப்பார் என்றாள். தன் தாயையும் அந்தக் காலம் தீடை மணலைத் தோண்டித்தான் தாட்டவர், பிரான்சிஸ்கா சொன்னவள் என்றாள். அவரும் எங்களைப் போலவே ஏறிப்போய் இறக்கிவிடப்பட்டவராம். மீன்பிடி வள்ளம் ஓடியதெல்லாம் அதற்கு முந்தியாம். அப்போதுதான் இருபத்திரண்டு வருடத்தில் முதல் தரமாக அவளிடம் கேட்டேன், எங்களை ஏற்றியவன் யார் என்று. வலன்ரைன் சொன்ன வசனத்தையும் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அது பேதுருக் கிழவனப்பா. பக்கத்தில இருந்தனான், சுருட்டு வெளிச்சத்தில முகம் பாத்தனான். அந்த வருசமே கடலில செத்துப்போனார். அந்த இடுப்பளவு தண்ணிக் கதை எல்லா வள்ளக்காரரும் சொன்னதுதானே. முகாமில சின்னப் பிள்ளையளும் அதைச் சொல்லி விளையாடினதுகள். நீங்கள் ஒருநாளும் கேக்கேல்லையோ?”

அன்றிலிருந்து அவள் என்னோடு கதைப்பதில்லை. எதையாவது விளங்கிக்கொண்டாளோ தெரியாது. எனக்குச் சாப்பாடு இறங்குகிறது, வேலையும் ஓடுகிறது. பள்ளி விடுகிற நேரத்துக்கு மட்டும் பானைப் பக்கம் யாரோ நிற்பது மாதிரி இருக்கும். திரும்பிப் பார்ப்பதில்லை. ஒன்பது வயதா ஐந்து வயதா என்று தெரிந்துகொள்ள எனக்குப் பயம்.

எழுதிவிட்டீர்களா? இதையும் சேருங்கள். மாக்கிறட் நல்லவள்தான், ஆனால் அழுது அழுது அவளுக்கு முகங்கள் மாறிப்போயிருக்கும். எனக்குச் சத்தம் மாறாது, ஐயா. வீதியில் போகிற வாகனத்தைக் கண்ணால் பார்க்காமலே எந்தச் சிலிண்டர் அடிக்கவில்லை என்று சொல்கிறவன் நான். அந்த வள்ளத்தில் நான் கேட்டது வலன்ரைனின் குரல்தான். அவராகத்தான் இருக்க வேண்டும்.