எல்லாருக்கும் ஒரே வசனம்

தேத்தண்ணி ஆறுகிறது, போதகர் ஐயா, குடியுங்கள். நான் சொல்லப்போவது நீளமான கதையில்லை.

இருபத்திரண்டு வருடமாக வியாழன் பின்நேரங்களில் நம் தேவாலயத்துப் பெண்களுக்கு வேதபாடம் எடுப்பவள் நான்தான். கல்முனையில் நாம் கொஞ்சப் பேர். வகுப்புக்கு வருகிறவர்கள் ஒன்பது பேர். பாடம் தொடங்கினால் செலீனா மீன் விலை கதைப்பாள், பூரணம் அக்கா தூங்குவார், மீன்பிடிக்கிற நேசராசாவின் மனைவி றோஸ் தன் புருஷனைப் பற்றி முறைப்பாடு வைப்பாள். என்றாலும் அது என் வகுப்பு. போன வருடம் மட்டக்களப்பிலிருந்து தினேஷா ஊழியத்துக்கு வந்தாள். நல்ல பிள்ளை. அவள் பாடம் எடுத்தபோது பூரணம் அக்கா விழித்திருந்தார். எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க என்ன இருக்கிறது.

ஜனவரி முதல் வியாழனில் ஒவ்வொருத்தியும் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். கையில் வரும் வசனம்தான் அந்த வருடத்துக்கு ஆண்டவர் அவளுக்குச் சொன்னது. மாற்றி எடுக்க யாரும் துணியமாட்டார்கள். அட்டை தயாரிப்பவள் நான். பலவித வசனங்களை ஒரு தகர பிஸ்கற் ரின்னில் போட்டேன். இன்னொரு ரின்னில் இருந்த முப்பது அட்டையிலும் ஒரே வசனம், ஊரையும் உறவையும் விட்டுப் புறப்படும்படி ஆபிரகாமுக்குச் சொன்னது. அது தினேஷாவுக்கு. எதை எடுத்தாலும் அவள் மூட்டை கட்டத்தான் வேண்டும். அச்சடித்துத் தந்த நிஸாம் தம்பி, முப்பதும் ஒன்றுதானா டீச்சர் என்று கேட்டார். ஓம், ஒன்றுதான் என்றேன். அது பொய்யில்லை.

முதல் ரின்னை மற்றவர்களுக்கு நீட்டிவிட்டு, கடைசியில் இரண்டாவதை அவளிடம் நீட்டுவதாக இருந்தேன். ஆனால் என் முழங்கால் நோவை நினைத்து அவள் எழும்பிவிட்டாள். "நீங்க இரிங்க டீச்சர், நான் குடுக்கிறன்" என்று மேசையிலிருந்த ஒரு ரின்னைத் தூக்கினாள். அது அவளுடைய ரின்.

செலீனா வாசித்தாள். றோஸ் வாசித்தாள், அதே வசனம். நாலாவது ஆள் வாசிக்கையில் பெண்கள் அழத் தொடங்கிவிட்டார்கள். தினேஷா என் பக்கம் திரும்பினாள்.

"எல்லாம் ஒரே வசனமாக் கிடக்கு டீச்சர். கடைக்காரர் பிழை விட்டுட்டாரோ?"

அந்த இடத்தில் ஓம் என்றிருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டுக் கேக் சாப்பிட்டிருப்போம். தினேஷாவும் சிரித்திருப்பாள், ஆனால் இங்கேயே இருந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

"பிழையில்ல மகள்," என்றேன். "ஆண்டவர் கதைக்கிறார்."

பிறகு ஒரு மணித்தியாலம் அந்த வசனத்தை விளக்கினேன். தயங்குவதே கீழ்ப்படியாமை என்றேன். நன்றாகத்தான் எடுத்தேன். பூரணம் அக்கா கொட்டாவிகூட விடவில்லை.

செலீனா மார்ச் மாதம் குவைத்துக்குப் போனாள். அங்கே ஆறு பிள்ளைகளைப் பார்க்கிறாள், அவளுடைய இரண்டையும் மாமியார் பார்க்கிறார். பூரணம் அக்கா வீட்டை விற்றுவிட்டு வவுனியாவில் மகளிடம் போனார். மருமகன் ஒரு மாதம் வைத்திருந்து முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டான். றோஸ் எங்கே என்று தெரியாது. நேசராசா கடலுக்குப் போவதில்லை. வியாழக்கிழமைகளில் என் வாசல் கேற்றடியில் வந்து நின்று, அது என்ன வசனம் டீச்சர் என்று என்னிடம் கேட்கிறான். மற்றவர்களும் ஆளுக்கொரு திக்காய்ப் போய்விட்டார்கள்.

தினேஷா போகவில்லை. தான் ஏற்கனவே ஊரை விட்டு வந்தவள், தனக்கு அந்த வசனம் நிறைவேறிவிட்டது என்றாள். அப்புறம் ஞாயிறு பாடசாலைச் சான்றிதழ் அச்சடிக்க நிஸாமிடம் போயிருக்கிறாள். அவர் அந்த முப்பது அட்டைகளைப் பற்றி விசாரித்திருக்கிறார். அவள் உங்களிடம் வந்தாள், நீங்கள் என்னிடம் வந்தீர்கள்.

ஓம் ஐயா, நான்தான் செய்தேன். வேண்டுமென்றே செய்தேன். நிறுத்த முடிந்த நேரத்தில் நிறுத்தவுமில்லை. வகுப்பை விடச் சொன்னால் விடுகிறேன், இப்போது அதற்கு வர யாரும் இல்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். இருபத்திரண்டு வருடத்தில் நான் சொன்னதைக் கேட்டு ஒன்பது பேரும் அப்படியே நடந்தது இந்த ஒரு பாடத்துக்குத்தான். ஒரு டீச்சருக்கு இதைவிட வேறென்ன வேண்டும், சொல்லுங்கள்.