கல் வைக்கும்வரை

கொக்கோ டீ ஆறுவதற்குள் குடித்துவிடு, கோரின். ஆறினால் மேலே கொழுப்பு படிந்து வாயில் ஒட்டும். உன் அம்மா ஆற வைத்துத்தான் குடிப்பாள். நாற்பத்தோரு வருடம் இங்கிலாந்தில் இருந்து வந்த கெட்ட பழக்கம் அது.

நேற்று அடக்கம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் நீ அவளைப் பிடிவாதக்காரி என்றாய். ஆபரேஷனுக்குக்கூட வராமல் கடலில் குளித்துக்கொண்டிருந்தாள் என்றாய். தெல்டா என் கூடப்பிறந்த தங்கை. அவளைப் பற்றி அப்படி ஒரு பேச்சு ஊரில் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் படகு ஏறுவதற்கு முன் உன்னை உட்காரச் சொன்னேன்.

அவள் மூன்று வார விடுமுறைக்குத்தான் வந்தாள். எங்கள் மம்மா இறந்து ஒன்பது வருடமாகியும் நாங்கள் கல் வைக்கவில்லை. கல்லறைக்குக் கல் வைத்து, ஆடு அறுத்து, ஊருக்கு விருந்து போட்டால்தான் செத்தவர் நிம்மதியாகப் போவார். பெற்ற பிள்ளைகள் எல்லோரும் பக்கத்தில் நிற்க வேண்டும். நாங்கள் இரண்டே பேர். ஒவ்வொரு வருடமும் நான் எழுதுவேன், அவள் அடுத்த வருடம் என்பாள். போன செப்டம்பரில் ஒருவழியாக வந்து சேர்ந்தாள்.

வந்த வாரமே வீட்டுக்குக் களை வந்துவிட்டது. கோழிகளுக்கெல்லாம் பெயர் வைத்தாள். குளிக்கும்போது தாளம் தப்பிப் பாடினாள். விடிந்ததும் சுவரைத் தட்டி, "இஸ்மேக்கா, உசுரோட இருக்கியா?" என்பாள். "பாதி இருக்கேன்" என்பேன். ஒன்பது வருடமாக இந்த வீட்டில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை.

விருந்துக்கு நான்கு நாள் இருந்தது. காலையில் நான் அவளிடம் சொன்னேன்: "ராத்திரி மம்மா கனவுல வந்தா. கல்லத் தொடாதீங்க, இன்னும் நேரம் வரலன்னு சொல்லிட்டுப் போனா."

கனவு எதுவும் வரவில்லை. அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

இந்தக் கரியாக்கூ தீவில் அப்படி ஒரு கனவை எதிர்த்து யாரும் பேச மாட்டார்கள். கொத்தன் கட்பெர்ட் வார்த்து வைத்திருந்த கல்லைச் சாக்குப் போட்டு மூடினான். "அவங்களே வேணாங்கிறப்ப வைக்கிறதுக்கு நான் யாரு? ஆடுங்களுக்குத்தான் நல்ல காலம்" என்று சிரித்தான். தெல்டா கொஞ்சம் அழுதாள். பிறகு டவுனுக்குப் போய் டிக்கெட்டை மாற்றினாள்.

இரண்டாவது முறை கனவென்று நான் சொன்னதில், மம்மா தன் கல்லறையைச் சுற்றி வெள்ளை டைல்ஸ் கேட்டாள். அது டிரினிடாடிலிருந்து சரக்குப் படகில் வர வேண்டும். மூன்றாவது முறை, பிள்ளைகள் இரண்டு பேரும் இன்னும் கொஞ்ச நாள் ஒரே கூரையின் கீழே இருக்கட்டும் என்றாள்.

"என் கனவுல மட்டும் ஏன்க்கா வரமாட்டேங்கிறா?" என்று தெல்டா கேட்டாள்.

"நீ தூரமாப் போனவ. அவளுக்கு வழி தெரிஞ்சிருக்காது."

அது அவளுக்குச் சுட்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு இங்கிலாந்துக்குத் திரும்பும் பேச்சையே எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்குப் பிறகு அவள் கால் வீங்க ஆரம்பித்தது. கடற்கரையிலிருந்து மேடேறும்போது மூன்று இடத்தில் நிற்பாள். நான் குடை பிடித்துக்கொண்டு கூடவே நிற்பேன். மாலையில் வெந்நீரில் காலை ஊறவைத்துத் தேய்த்துவிடுவேன். பணிவிடையில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை, கோரின்.

நீ போன் செய்தது பிப்ரவரி இரண்டாம் தேதி. "பெரியம்மா, ஜூன்ல வச்சிருந்த ஆபரேஷன முன்னாடி கொண்டாந்துட்டாங்க. நெஞ்சுப் படத்த திரும்பப் பாத்துட்டு டாக்டர் பயப்படுறாரு. பதினேழாந்தேதிக்குள்ள அம்மா இங்க இருந்தாகணும்" என்றாய். நான் தேதியை எழுதிக்கொண்டு உனக்கு ஒருமுறை படித்தும் காட்டினேன். நீ நன்றி சொன்னாய்.

கோழிகளைத் திட்டிக்கொண்டே தெல்டா உள்ளே வந்தாள். "யாரு போன்ல?"

"கோரின். ஆபரேஷனத் தள்ளி வச்சிட்டாங்களாம். நீ மெதுவா வந்தாப் போதுமாம்."

"பாத்தியா, உப்புத்தண்ணியே என்னைச் சரி பண்ணிடுச்சு. அந்த டாக்டருங்க மூஞ்சியப் பாக்கணுமே" என்றாள். அன்று அவளே மீன் வறுத்தாள்.

நீ மறுபடி அழைத்தபோது அவள் கடலில் இருக்கிறாள் என்றேன். அது உண்மை. நான் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை, இனி இதைப் பற்றிப் பேசினால் கோபப்படுவேன் என்கிறாள் என்றேன். அது உண்மையில்லை. "அப்ப அங்கயே கெடக்கட்டும்" என்று நீ போனை வைத்துவிட்டாய். அதன்பின் மூன்று வாரம் நீ பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் நல்ல உடுப்பு போட்டுக்கொண்டு போன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். "புள்ளைக்கு எம்மேல என்ன கோவமோ" என்பாள். இந்த லைனிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது என்று வந்த புதிதிலேயே சொல்லி வைத்திருந்தேன். பேச முடியும். டவுனுக்கு இறங்கிப் போய்ப் பேச அவளிடம் மூச்சு இல்லை. அவள் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்க்க முடியாமல் நான் கோழிகளுக்குத் தீனி போட எழுந்து போய்விடுவேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

போன செவ்வாய் காலை பத்து மணிக்கு நீ அழைத்தாய். "அம்மாகிட்ட குடுங்க பெரியம்மா. நான் மன்னிப்பு கேக்கணும்." முற்றத்தில் அவள் துவரங்காய் உரித்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியே தெரிந்தது. தூங்குகிறாள் என்றேன். அவளிடம் வந்தேன். "கோரினா?" என்றாள். "இல்ல, யாரோ தப்பா போட்டுட்டாங்க" என்றேன். சரி என்று தலையாட்டினாள். சாப்பிடக் கூப்பிடப் போனபோது கிண்ணம் மடியிலிருந்து சரிந்து காய்கள் கொட்டிக் கிடந்தன. கை இன்னும் சூடாக இருந்தது.

நீ போலீசில் சொல்வதானால் சொல். சார்ஜன்ட் வீடு சர்ச்சுக்கு எதிரேதான். இதையேதான் அவரிடமும் சொல்வேன். கேட்டுவிட்டாய் அல்லவா, இனி அவளைப் பிடிவாதக்காரி என்று சொல்லாதே. உன்னைப் பார்க்க அவள் ஒவ்வொரு நாளும் ஏங்கினாள்.

புது மண் இறங்கி இறுக ஒரு வருடமாவது ஆகும். அதன் பிறகுதான் அவளுக்குக் கல். அவள் பெற்றது உன் ஒருத்தியைத்தான், நீ இல்லாமல் வைக்க முடியாது. அவள் இருந்த அறையில் விரிப்பு மாற்றி, உன் பெட்டியை உள்ளே எடுத்து வைத்துவிட்டேன். இன்றைய படகு போகட்டும், விடு. பெற்ற தாயைத் தன்னந்தனியாக விட்டுவிட்டுப் போக சிலருக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ, எனக்குப் புரிந்ததே இல்லை.