மொச்சையின் எண்பது கிராம்

நாயை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் எங்கள் வடகவுஞ்சியில் கிடையாது. பூண்டை நிறுப்போம், காப்பிக்கொட்டையை நிறுப்போம், ரேஷன் அரிசியைச் சந்தேகப்பட்டு வீட்டில் இன்னொரு தடவை நிறுப்போம். நாய் பாட்டுக்கு நாயாக இருந்துவிட்டுப் போகும். ஆனால் மொச்சையை நான் நிறுத்தேன். பூண்டுத் தராசில் ஒரு துண்டை விரித்து அதை உட்கார வைத்தேன். இரண்டு கிலோ எழுநூறு கிராம். அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது என்று எழுதிக்கொள்ளுங்கள், ஏட்டையா.

நிதானமாகவே சொல்கிறேன், அவசரப்பட்டு எழுத வேண்டாம். பெயர் முருகானந்தம், வயது அறுபத்தாறு. முப்பத்தொரு வருடம் இந்த ஊர்க் கிளைத் தபால் நிலையத்தைப் பார்த்துக்கொண்டவன். மனைவி சோலையம்மாள். ஒரே மகள் ஸ்வேதா, பெங்களூரில் வேலை. போன கார்த்திகையில் அவளை ஆபீசில் எட்டு மாதம் வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். நாயை எங்களிடம் விட்டுப் போனாள். பொமரேனியன் பாதி, சிவாவா பாதி, மீதி என்னவென்று விற்றவனுக்கே தெரியாதாம். அவள் வைத்த பெயர் மோச்சி. இரண்டே நாளில் ஊர் அதை மொச்சை ஆக்கிவிட்டது.

நாயோடு ஓர் அட்டவணையும் வந்தது. சோறு கூடாது, பால் கூடாது, பிஸ்கட் கூடாது. பச்சை இறைச்சி மட்டும்தான். நூற்றுக்கு எண்பது பங்கு கறி, பத்துப் பங்கு எலும்பு, பத்துப் பங்கு ஈரல், குடல் வகையறா. அதன் எடைக்கு ஒரு நாளைக்கு எண்பது கிராம்.

"அப்பா, ஒரு கிராம்கூட மாறக் கூடாது. அம்மா பாவம் பார்த்து ரசஞ்சோறு போட்ருவாங்க. நீங்கதான் ரூல்ஸ்படி நடக்கிறவரு, உங்கள நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்றாள். என் குடும்பத்தில் யாரும் என்னை அவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டதில்லை.

மார்கழி பிறந்ததும் நானும் சோலையம்மாளும் பழனிக்கு மாலை போட்டோம். தைப்பூசத்துக்கு நடந்து போவது எங்கள் வீட்டில் இருபது வருட வழக்கம். மாலை போட்டுவிட்டால் வீட்டுக்குள் கவிச்சி வராது; முட்டைகூட வாசலோடு சரி. சோலையம்மாள் அடுப்பைக் கழுவி மஞ்சள் வைத்துவிட்டு, நாய்க்குக் கறி எப்படி என்று கேட்டாள். நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். பச்சைக் கறி அடுப்பில் ஏறுவதில்லை. சட்டியில் வேகுவதில்லை. தாளிப்பு கிடையாது. ஆகவே அது சமையலே இல்லை. சமையல் இல்லையென்றால் விரதத்துக்கு அதனால் ஒரு குறையும் வராது.

"என்னமோ செய்யிங்க. எங் கண்ணுலயும் படக் கூடாது, மூக்குலயும் ஏறக் கூடாது" என்றாள். அதனால் மொச்சையின் சாப்பாடு வீட்டுக்குப் பின்னால், மண்வெட்டி வைக்கும் கொட்டகையில், கதவைச் சாத்திக்கொண்டு நடந்தது. உள்ளே நானும் மொச்சையும் மட்டும். முடிந்ததும் காலித் தட்டைப் படம் எடுத்து ஸ்வேதாவுக்கு அனுப்புவேன். அவள் சிவப்பு இதயம் ஒன்று திருப்பி அனுப்புவாள்.

முதல் வாரம் பெருமாள்மலையில் கடைக் கோழிதான் வாங்கினேன். அது தோதுப்படவில்லை. கழுத்தில் துளசி மாலையோடு கறிக்கடையில் நின்றவனை, "சாமிக்கு என்ன, லெக் பீஸா?" என்று கடைக்காரர் சத்தமாகக் கேட்டார். போதாததற்கு, திறந்த வெளியில் மேய்ந்து வளர்ந்த பிராணியே சிறந்தது என்று அட்டவணையில் அடிக்கோடு போட்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளின் கோழிகள் திறந்த வெளியில் மேய்ந்தவை. என் வேலியைத் தாண்டி வந்து என் முட்டைக்கோஸை மேய்ந்தவை. அந்தக் கணக்கில் ஒவ்வொரு கோழியிலும் ஒரு பங்கு எனக்கு ஏற்கெனவே உண்டு.

கோழிகளுக்கு நான் எந்த வேதனையும் கொடுக்கவில்லை. முப்பத்தொரு வருடம் தபால் முத்திரை குத்தியவனுக்கு மணிக்கட்டில் ஒரு வேகம் இருக்கும். இறகுகளைச் சாக்கில் கட்டி மலைவாழை அடியில் புதைத்தேன். வாரத்துக்கு ஒரு கோழி என்றுதான் வைத்திருந்தேன். பிறகு ஐந்து நாளைக்கு ஒன்று ஆயிற்று, பிறகு மூன்று நாளைக்கு ஒன்று. நாய்க்குப் பசி கூடுகிறது என்று எடுத்துக்கொண்டேன். தராசில் மட்டும் மொச்சை இரண்டு கிலோ எழுநூறிலேயே நின்றது. பழைய தராசு, ஐயா.

பலன் நன்றாகத் தெரிந்தது. மூட்டு பலப்படும், பல் ஈறு கெட்டிப்படும், மேனி மினுக்கும் என்று அட்டவணை சொன்னது. எனக்கு நாலு வருடமாக இருந்த முழங்கால் வலி போயே போய்விட்டது. "மாலை போட்டா மொகத்துல இம்புட்டுக் களை வருமாங்க?" என்று சோலையம்மாளே கேட்டாள். எல்லாம் முருகன் செயல் என்றேன். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

ஐந்து பெட்டைகள் போன பிறகு சேவல் மட்டும் மிச்சம். அது பாப்பம்மாள் தன் மகன் வேலைக்காகக் கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட சேவல். காலில் மஞ்சள் துணி கட்டியிருக்கும். ஊரில் யாரும் அதைச் சூ என்றுகூட விரட்ட மாட்டார்கள். இரண்டரைக் கிலோ இருந்தது, மொச்சைக்குச் சமமாகச் சொல்லலாம். சாமிக்குப் போக வேண்டியது ஒரு வாயில்லா ஜீவனுக்குப் போவதில் தப்பு ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. மஞ்சள் துணியை அவிழ்த்து, அலசிக் காயப்போட்டு, மடித்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். என்னால் முடிந்த மரியாதை அது.

சேவல் காணாமல் போனதும் ஊர் கொந்தளித்துவிட்டது. களவு போனால் எங்கள் ஊரில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். கருப்பசாமிக்கு முன்னால் எரிகிற சூடத்தின் மேல் உள்ளங்கையை அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். பொய் சொன்னால் கை அழுகிப் போகும். ஊர்த் தலைவர் பழனிக்குமார் வயதில் சின்னவர். "சார், மாலை போட்ட சாமி நீங்க, தட்ட நீங்களே புடிங்க" என்றார். பிடித்தேன். நாற்பத்திரண்டு வீட்டிலிருந்து ஆளுக்கொரு கை வந்து அணைத்தது. தட்டு பிடிக்கிறவனிடம் சத்தியம் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. நானாக முந்திக்கொண்டு செய்வது முறையும் இல்லை.

ஆக, மனிதர்கள் எல்லாரும் சத்தியம் செய்து வெளியே வந்துவிட்டார்கள். மிச்சம் இருப்பது சூடம் அணைக்கத் தெரியாதவர்கள்தான். அந்த இடத்தில் யாரோ மணியின் பெயரைச் சொன்னார்கள். யார் என்று கேட்டால், நான்தான் என்று நினைக்கிறேன்.

மணி, மலைச்சாமியின் நாய். மலைச்சாமிக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது. பூண்டுக் காட்டில் குடிசை போட்டு நாயோடு படுத்திருப்பான். பன்றி வராமல் காப்பது மணி. போன வருடம் காட்டுமாடு அவனை முட்ட வந்தபோது குறுக்கே பாய்ந்து, ஒரு பின்னங்கால் நொண்டியானதும் மணிதான். நேர்ந்துவிட்டதைத் தின்ற நாய்க்குப் பூசத்துக்கு முன்னால் மருந்து வைத்துவிடுவது என்று ஊர் முடிவு செய்தது. தீர்மானத்தை நான் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

"நொண்டி நாய் எங்கிட்டுங்க கோழி புடிக்கும்? அது இல்லன்னா நான் எதுக்குங்க இருக்கணும்?" என்று மலைச்சாமி மண்ணில் உட்கார்ந்து அழுதான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. வலி தெரியாத மருந்தாகப் பார்த்து வைக்க வேண்டும் என்று தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்தேன்.

பிறகு அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "தலைவரே, நாய்க்குச் சூடம் அணைக்கத் தெரியாது, சரி. பச்சக் கறிய அது முன்னால வைங்க. தின்னுச்சுன்னா எங் கையாலயே மருந்து வைக்கிறேன். திங்காட்டி விட்ருங்க. அதே மாதிரி சார் வீட்டு நாய்க்கும் வைக்கணும்." சார் வீட்டு நாய் எலி அளவு இருக்கிறதே என்று சிரித்தார்கள். இருந்தாலும் நியாயம் என்றார்கள். நானும் நியாயம் என்றேன்.

மறுநாள் காலை கோயில் திடலில் ஊரே கூடியது. பெருமாள்மலையிலிருந்து வாங்கி வந்த அரைக் கிலோ கோழியும் ஈரலும் எவர்சில்வர் தட்டில் வந்தன. முதலில் மணி. ஐயா, இங்கே பன்றிக்கு வெடி வைக்கிறவர்கள் அதைக் கறிக்குள் பொதிந்து போட்டுவிட்டுப் போவார்கள். கடித்தால் வாய் சிதறும். அதனால் தரையில் கிடப்பதைத் தொடக் கூடாது என்று குட்டியிலேயே மலைச்சாமி பழக்கியிருக்கிறான். மணி தூரத்திலேயே நின்று மோப்பம் பிடித்தது. பின்வாங்கி உட்கார்ந்து மலைச்சாமியின் முகத்தைப் பார்த்தது. தட்டை மூக்குக்கு அருகே தள்ளியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

"ஏலே, சேவலத் தின்ன வயிறுல்ல, நெறஞ்சு கெடக்கும். நாளைக்கும் வச்சுப் பாப்போம்" என்றது ஒரு குரல். மலைச்சாமி மணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அப்படியே இருந்தான்.

அடுத்து மொச்சை. தட்டை ஒரு சுற்றுச் சுற்றியது. தும்மியது. விறுவிறுவென்று போய்ப் பாப்பம்மாள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

"இது எங்கங்க கறி திங்கப் போகுது? தெனமும் வெள்ளனே எங்க வீட்டுக்கு வந்து ரசஞ்சோறு தின்னுட்டுத்தான போகும்" என்றாள் பாப்பம்மாள். "சார் வீட்ல இதுக்கு ஒண்ணும் போடுறதில்ல போல, பாவம்னு நெனச்சேன்."

சோலையம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். தினமும் கொட்டகையிலிருந்து காலியாகவே வரும் தட்டை அவளும் பார்த்திருக்கிறாள் அல்லவா. திடலின் நடுவில் தட்டு மட்டும் இருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பச்சைக் கறியை வெயிலில் வைக்கக் கூடாது, முதலில் ஈரல்தான் கெடும். நான் எழுந்து போனது அந்த ஒரு காரணத்துக்காக.

முதல் நாளிலிருந்தே மொச்சைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது, ஐயா. நான் ஒரு துண்டு தின்று காட்டுவேன், அது ஒரு துண்டு தின்ன வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதன் துண்டு எப்போதும் மிச்சமாகும். மகள் எண்பது கிராம் என்று சொல்லியிருக்கும்போது தட்டில் மிச்சம் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கும் கற்றுக்கொடுக்கத்தான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். எலும்பு வரைக்கும் காட்டினேன். தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தபோது திடலில் குழந்தைகள் யாரும் இல்லை. தாய்மார்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சோலையம்மாள் வந்து என் கழுத்து மாலையைக் கழற்றினாள்.

ஐந்து பெட்டையும் ஒரு சேவலும் நான்தான் எடுத்தேன், ஒத்துக்கொள்கிறேன். தின்றதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் மணியை அன்றைக்கே விட்டுவிட்டார்கள் என்பதையும் அதற்குக் கீழேயே எழுத வேண்டும். நான் மட்டும் அந்தத் தட்டுக்கு முன்னால் போய் உட்காராமல் இருந்திருந்தால் அந்த அப்பாவி நாயை யார் காப்பாற்றியிருப்பார்கள்? மலைச்சாமி இதுவரைக்கும் எனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை.